ஆணி குத்தும் முன்பே போட வேண்டிய ஊசி

காலில் ஆணி குத்திவிட்டால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "ஆணி துருப்பிடித்திருந்ததா?" என்பதுதான். துரு இருந்தால் பதறிப்போய் ஊசி போட ஓடுகிறோம். துரு இல்லையென்றால் காயத்தில் கொஞ்சம் மஞ்சளையோ காப்பித்தூளையோ வைத்துக் கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். டெட்டனஸ் மீது நமக்கிருக்கும் பயம் நியாயமானது. ஆனால் அதைத் துருவின் மேல் வைத்திருக்கிறோம். துருவுக்கும் இந்த நோய்க்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. கடையில் அன்று வாங்கிய பளபளப்பான ஆணி மண்ணில் விழுந்து கிடந்து காலில் ஏறினாலும் டெட்டனஸ் வரலாம். ரோஜாச் செடியின் முள்ளாலும் வரலாம்.

நோயை உண்டாக்குவது கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி என்னும் பாக்டீரியா. மண், மாட்டுச் சாணம், குதிரைச் சாணம், தெருப் புழுதி என இது இல்லாத இடமே இல்லை. இதற்கு ஆக்சிஜன் ஆகாது. அதனால் வெளியில் இருக்கும் காலமெல்லாம் தடித்த உறைக்குள் சுருங்கி, வித்து வடிவில் காத்துக்கிடக்கிறது. வெயிலோ வறட்சியோ அதை ஒன்றும் செய்வதில்லை. வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். வெந்நீரில் போட்டுச் சில நிமிடம் கொதிக்க வைத்தாலும் தாங்கிவிடும். மருத்துவமனைகளில் அறுவைக் கருவிகளை அழுத்த நீராவியில், 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்து எடுப்பதற்கு இத்தகைய வித்துகள்தான் முக்கியக் காரணம். பிளேடை வெந்நீரில் முக்கி எடுத்தால் போதும் என்று நம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோலில் ஒட்டியிருக்கும்வரை வித்தால் எந்தத் தீங்கும் இல்லை. விழுங்கினாலும் நோய் வராது. ஆழமான காயத்துக்குள் போய், காற்றுப் படாத, ரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் சிக்கினால் மட்டுமே அது விழித்துக்கொண்டு பெருகத் தொடங்குகிறது. ஆணிக் குத்து ஆபத்தாவது இதனால்தான். துளை குறுகலானது, ஆழமானது. மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்கிறது. உள்ளே சென்ற மண் உள்ளேயே தங்கிவிடுகிறது. கொட்டகொட்ட ரத்தம் வரும் பெரிய வெட்டைப் பார்த்து அரண்டுபோகும் நாம், ஒரு சொட்டு ரத்தம் மட்டும் காட்டிவிட்டு மூடிக்கொள்ளும் குத்தைக் கண்டுகொள்வதில்லை. மூங்கில் சிலாம்பு ஏறியது, தீப்புண், நாய்க்கடி, சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால்புண், குழந்தைகளுக்கு நாள்பட்டுச் சீழ் வடியும் காது என எல்லாமே இந்தக் கிருமிக்கு வாசலாகலாம். நோய் முற்றிய நிலையில் வருகிறவர்களில் சிலருக்குக் காயம் எங்கே என்று தேடினாலும் கிடைப்பதில்லை. அவ்வளவு சிறியதாக இருந்து ஆறிப்போயிருக்கும்.

காப்பித்தூளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரத்தத்தை நிறுத்துகிறது என்பதற்காக அதைக் காயத்தில் அப்புகிறார்கள். அது கிருமி நீக்கம் செய்யப்பட்ட பொருள் அல்ல. அழுக்கை உள்ளே வைத்துக் காயத்தை அடைத்துவிடுகிறது. சாணம், சாம்பல், பச்சிலைச் சாறு ஆகியவற்றைக் காயத்தில் வைப்பது இன்னும் மோசம். சாணத்தில் வித்துகள் நேரடியாகவே இருக்கக்கூடும். பாட்டி காலத்திலிருந்து செய்து வருகிறோம் என்று சொல்லலாம். பாட்டி காலத்தில் இந்த நோயால் எத்தனை பிள்ளைகள் போயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காயத்துக்குள் பெருகும் பாக்டீரியா பெரிதாகச் சீழ் வைப்பதில்லை, காயத்தை அழுகவும் செய்வதில்லை. அது செய்வது ஒன்றுதான்: ஒரு நஞ்சைச் சுரக்கிறது. மனிதனுக்குத் தெரிந்த மிகக் கொடிய நஞ்சுகளில் அதுவும் ஒன்று. ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 2.5 நானோகிராம் போதும், உயிர் போய்விடும் என்று மதிப்பிடுகிறார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 150 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். கண்ணுக்குத் தெரியாத அளவு.

இந்த நஞ்சு காயத்தின் அருகிலுள்ள நரம்பு முனைகளில் நுழைந்து, நரம்பின் வழியாகவே மேலேறித் தண்டுவடத்தை அடைகிறது. அங்கே அது என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டால் நோயின் எல்லா அறிகுறிகளும் புரிந்துவிடும். நம் தசைகளை இயக்கும் நரம்புகளுக்குப் பக்கத்திலேயே, "போதும், தளர்ந்துகொள்" என்று சொல்லும் நரம்புகளும் இருக்கின்றன. வண்டிக்கு பிரேக் போல. கையை மடக்கும்போது எதிர்ப்புறத் தசை தளர்வதும், மடக்கி முடித்ததும் கை ஓய்வுக்குத் திரும்புவதும் இந்த நரம்புகளால்தான். டெட்டனஸ் நஞ்சு இந்த பிரேக்கை மட்டும் அறுத்துவிடுகிறது. அதன்பிறகு தசைக்கு இறுகத்தான் தெரியும், தளரத் தெரியாது.

பெரும்பாலும் முதலில் இறுகுவது தாடை. வாயைத் திறக்க முடியவில்லை, சோறு மெல்ல முடியவில்லை என்று பல் மருத்துவரிடம் போகிறவர்களும் உண்டு. அடுத்து கழுத்தும் முதுகும் வயிறும் விறைக்கின்றன. முகத்தசைகள் இழுத்துக்கொண்டு, சிரிப்பது போன்ற ஒரு கோரமான தோற்றம் வருகிறது. பிறகு இசிவு தொடங்குகிறது. உடல் பின்பக்கமாக வில்லாக வளைந்து, தலையும் குதிகாலும் மட்டும் படுக்கையில் படும் அளவுக்கு இழுக்கிறது. எலும்பே முறியக்கூடிய வேகம் அதற்கு இருக்கிறது. கதவு சாத்தும் சத்தம், விளக்கு வெளிச்சம், யாராவது தொடுவது என எது வேண்டுமானாலும் அடுத்த இசிவைக் கிளப்பிவிடும். இதில் என்னை மிகவும் உலுக்கும் விஷயம், நோயாளிக்கு நினைவு தப்புவதில்லை என்பதுதான். ஒவ்வொரு இழுப்பையும் முழு உணர்வோடு அனுபவிக்கிறார். மூச்சுத் தசைகள் இறுகினால் மூச்சு நின்றுவிடும்.

காயம் பட்டு 3 முதல் 21 நாட்களுக்குள், பெரும்பாலும் ஒரு வாரத்தை ஒட்டி அறிகுறிகள் தெரியத் தொடங்கும். நஞ்சு நரம்பு வழியே நடந்து போக வேண்டியிருப்பதால், காயம் தலைக்கு அருகில் இருந்தால் நாள் குறையும். எவ்வளவு சீக்கிரம் அறிகுறி வருகிறதோ அவ்வளவு கடுமையாக நோய் இருக்கும் என்பது மருத்துவர்களின் பொது அனுபவம்.

நன்றாகப் பதிவான ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2017இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் பண்ணையில் விளையாடும்போது நெற்றியில் வெட்டுக்காயம் பட்டது. வீட்டிலேயே காயத்தைக் கழுவித் தையலும் போட்டார்கள். அவனுக்கு எந்தத் தடுப்பூசியும் போடப்பட்டிருக்கவில்லை. ஆறாவது நாள் தாடை இறுகியது, கைகள் தாமாக இழுத்தன, கழுத்தும் முதுகும் பின்னோக்கி வளைந்தன. மூச்சுத் திணறல் வந்ததும் ஹெலிகாப்டர் வரவழைத்துக் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சேர்க்கும்போது அவன் நினைவோடு இருந்தான். தண்ணீர் கேட்டான். கொடுத்தபோது வாயைத் திறக்க முடியவில்லை.

இருட்டாக்கிய அறையில், காதுகளை அடைத்து, செயற்கை மூச்சுக் கருவியில் வைத்தார்கள். தசைகளை மருந்தால் செயலிழக்கச் செய்ய வேண்டியிருந்தது. ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் கட்டுக்கடங்காமல் ஏறின. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். 44ஆம் நாள்தான் மூச்சுக் கருவியை எடுக்க முடிந்தது. 50ஆம் நாள், பிறர் பிடித்துக்கொள்ள, ஆறு மீட்டர் நடந்தான். மொத்தம் 57 நாட்கள் மருத்துவமனையில், அதில் 47 நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில். செலவு 8 லட்சம் டாலருக்கும் அதிகம். பிறகு மறுவாழ்வு மையத்தில் 17 நாட்கள் இருந்தான். பிழைத்துவிட்டான், ஓடவும் சைக்கிள் ஓட்டவும் தொடங்கினான். மருத்துவமனையில் அவனுக்கு ஒரு தவணைத் தடுப்பூசி போட்டார்கள். மருத்துவர்கள் விரிவாக எடுத்துச் சொல்லியும் அடுத்த தவணையைக் குடும்பத்தார் வேண்டாம் என்றுவிட்டார்கள். மருத்துவ அறிக்கையில் அந்த வரியைப் படித்தபோது மனம் கனத்துப்போனது. ஏனென்றால், அத்தனை பாடு பட்டும் அந்தப் பையனுக்கு டெட்டனஸுக்கு எதிரான சக்தி கிடைத்திருக்காது.

அம்மை ஒருமுறை வந்துவிட்டால் மறுபடி வராது என்று நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். டெட்டனஸில் அந்தக் கணக்கு செல்லாது. உயிரைப் பறிக்கும் நஞ்சின் அளவே மிகச் சிறியது. நோய் எதிர்ப்பு மண்டலம் அடையாளம் கண்டு பதிலடி தயாரிக்க அந்த அளவு போதாது. ஆகவே நோயிலிருந்து மீண்டவருக்கும் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். இயற்கையாக எதிர்ப்பு சக்தி வளரட்டும் என்று காத்திருப்பதற்கு இந்த நோயில் இடமே இல்லை.

இன்னொன்று. டெட்டனஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. கேட்க நல்ல செய்தி போலத் தெரியும். ஆனால் தட்டம்மை, போலியோ போன்ற நோய்களில் ஊரில் பெரும்பாலானோர் ஊசி போட்டுக்கொண்டால், போடாத சிலருக்கும் அந்தக் கூட்டத்தின் பாதுகாப்பு கிடைத்துவிடுகிறது. கிருமி பரவ ஆள் இல்லாமல் போய்விடும். டெட்டனஸ் கிருமி மண்ணிலிருந்து வருகிறது. உங்களைச் சுற்றியுள்ள ஆயிரம் பேர் ஊசி போட்டிருந்தாலும், போடாத உங்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பெரியம்மையை உலகிலிருந்தே ஒழித்துவிட்டோம். டெட்டனஸை அப்படி ஒழிக்க முடியாது, மண் இருக்கும்வரை அதுவும் இருக்கும். இந்தப் பாதுகாப்பை ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் பெற வேண்டும்.

அந்தப் பாதுகாப்புக்கு வழி காட்டிய கதை 1889இல் தொடங்குகிறது. அந்த ஆண்டில் ஜப்பானிய அறிவியலாளர் கிட்டசாட்டோ ஷிபாசாபுரோ, பெர்லினில் இந்தக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். அடுத்த ஆண்டே அவரும் ஜெர்மானிய மருத்துவர் எமில் வான் பெரிங்கும் சேர்ந்து, நஞ்சைச் சிறிது சிறிதாகச் செலுத்திய விலங்கின் ரத்தத்தில் அதை முறிக்கும் பொருள் உருவாவதைக் கண்டார்கள். முதல் உலகப்போரில் எருவிட்ட வயல்களில் விழுந்து காயம்பட்ட வீரர்களுக்குக் குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த முறிமருந்து போடப்பட்டது. 1920களில் பிரான்சில் காஸ்டன் ரமோனும் உடன் பணியாற்றியவர்களும், பார்மலின் என்னும் வேதிப்பொருளைக் கொண்டு நஞ்சின் வீரியத்தை அழித்து, அதன் உருவத்தை மட்டும் விட்டுவைக்கும் முறையைக் கண்டறிந்தார்கள். இன்று நம் தோளில் ஏறும் ஊசி அதுதான். அதில் உயிருள்ள கிருமி இல்லை. கொல்லும் திறன் இழந்த நஞ்சுதான் இருக்கிறது. உடல் அதைப் பார்த்துப் பழகி, உண்மையான நஞ்சு வந்தால் நரம்பைத் தொடும் முன்பே பிடித்துவிடுகிறது. இரண்டாம் உலகப்போரில் வீரர்களுக்கு முன்கூட்டியே ஊசி போட்ட அமெரிக்க ராணுவத்தில், போர் முழுவதிலும் 12 பேருக்கு மட்டுமே டெட்டனஸ் வந்தது.

நம் நாட்டில் இந்த ஊசி செய்த பெரிய காரியம் பிரசவ அறையில் நடந்தது. பிறந்து முதல் இரண்டு நாட்கள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, அதன்பின் ஒரு நாள் வாயைத் திறக்க முடியாமல் பால் குடிப்பதை நிறுத்தும். பிறகு விறைக்கும், இசிவு வரும், பெரும்பாலும் இறந்துவிடும். அரிவாளாலோ பழைய பிளேடாலோ தொப்புள்கொடியை அறுத்ததும், அறுத்த இடத்தில் சாணமோ சாம்பலோ வைத்ததும் காரணம். 1988இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 7 லட்சத்து 87 ஆயிரம் பச்சிளம் குழந்தைகள் இதனால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. கர்ப்பிணிக்குப் போடும் ஊசியால் தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய்ச் சேர்கிறது. ஒரே ஊசி இரண்டு உயிர்களைக் காக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியர்கள் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைக் கண்டுபிடித்து ஊசி போட்டதும், பிரசவங்கள் மருத்துவமனைக்கு மாறியதும் சேர்ந்து, 2015இல் இந்தியா இந்த நோயைத் தாய், சேய் இருவரிடமிருந்தும் அகற்றிய நாடாக அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவாக நோய் இருந்தால்தான் அந்தத் தகுதி கிடைக்கும். அந்தச் செவிலியர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது.

இப்போதுள்ள அரசு அட்டவணைப்படி குழந்தைக்கு 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி போடப்படுகிறது. அதில் டெட்டனஸ் தடுப்பும் அடங்கும். பிறகு ஒன்றரை வயதையொட்டியும் 5 வயதுக்குப் பிறகும் முத்தடுப்பூசி, 10 மற்றும் 16 வயதில் டெட்டனஸ், டிப்தீரியா (தொண்டை அடைப்பான்) இரண்டையும் தடுக்கும் டி.டி. ஊசி. கர்ப்பிணிக்குக் கர்ப்பம் தெரிந்ததும் ஒன்று, நான்கு வாரம் கழித்து இன்னொன்று. முந்தைய பிரசவத்தின்போது இரண்டும் போட்டு மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி கர்ப்பம் என்றால் ஒன்று போதும். எல்லாமே அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். போட்ட இடத்தில் ஓரிரு நாள் வலி, லேசான காய்ச்சல் வரலாம். பெரும்பாலும் அவ்வளவுதான்.

இந்த அட்டவணைக்கு வெளியே நிற்கிறவர்களைப் பற்றித்தான் என் கவலையெல்லாம். இந்தியாவில் குழந்தைகளுக்கான விரிவான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது 1978இல். அது எல்லா ஊர்களையும் எட்டப் பல ஆண்டுகள் ஆயின. இன்று 50 வயதைக் கடந்த பலருக்குச் சிறுவயதில் முதல் மூன்று தவணைகள் கிடைத்திருக்க வாய்ப்பு குறைவு. பெண்களாவது பிள்ளைப்பேற்றின்போது ஊசி போட்டிருப்பார்கள். ஆண்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. வயலில் வெறுங்காலோடு இறங்குகிற, மாட்டுத் தொழுவத்தைக் கூட்டுகிற, கட்டட வேலைக்குப் போகிற ஐம்பது அறுபது வயது ஆண்தான் மண்ணுக்கு மிக அருகில் இருக்கிறார், ஊசியிலிருந்து மிகத் தொலைவில் இருக்கிறார். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் நூறு பேருக்கு மேல் டெட்டனஸ் வந்தது. இடிபாடுகளுக்கும் சேற்றுக்கும் இடையில் பட்ட காயங்கள் அவை. அப்படியொரு பேரிடர் வந்தபின் பெரியவர்களின் உடலில் பாதுகாப்பை உண்டாக்க நேரம் இருக்காது.

காயம் பட்டதும் போடும் டி.டி. ஊசியைப் பற்றி நம்மிடையே இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. போட்ட உடனே அது கிருமியைக் கொன்றுவிடும் என்பது ஒன்று. ஏற்கெனவே முழுத் தவணைகள் போட்டவருக்கு அது ஒரு நினைவூட்டல். அவர் உடல் சில நாட்களிலேயே எதிர்ப்பொருளைக் கூட்டிக்கொள்ளும். வாழ்க்கையில் முதன்முறையாகப் போடுகிறவருக்கு அந்த ஒரு ஊசி இந்தக் காயத்துக்கு உதவாது, எதிர்ப்பொருள் உருவாக வாரங்கள் ஆகும். ஆகவேதான் தவணைகள் முடிக்காதவருக்கும், போட்டோமா என்று தெரியாதவருக்கும் மண்ணோ சாணமோ பட்ட அழுக்குக் காயம் ஏற்பட்டால், டி.டி.யோடு சேர்த்து இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பொருள் ஊசியையும் உடலின் வேறொரு இடத்தில் போடுகிறார்கள். "எனக்குச் சின்ன வயதில் ஊசி போட்டார்களா என்று தெரியாது" என்ற ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சிகிச்சையே அதனால் மாறும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சிறு கீறலுக்கெல்லாம் டி.டி. போட வேண்டும் என்பது இரண்டாவது. தேவையில்லை. முழுத் தவணைகள் போட்டவர் என்றால், சுத்தமான சிறு காயத்துக்குக் கடைசி ஊசி போட்டுப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தால் மட்டும் போட்டால் போதும். அழுக்கான, ஆழமான காயத்துக்கு அந்த இடைவெளி ஐந்து ஆண்டு. அடிக்கடி போட்டால் பாதுகாப்பு கூடாது, கைதான் வீங்கும். இந்தக் கணக்கு பயன்பட வேண்டுமென்றால் கடைசி ஊசி எப்போது என்பது தெரிந்திருக்க வேண்டும். நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

எந்தக் காயமானாலும் முதல் வேலை ஒன்றுதான். ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். உள்ளே மண்ணோ சிலாம்போ தங்கியிருந்தால் எடுத்துச் சுத்தம் செய்ய மருத்துவரிடம் போங்கள். ஊசி போட்டாயிற்றே என்று இதை விட்டுவிடக்கூடாது. காயம் பட்டவருக்குச் சில நாள் கழித்துத் தாடை இறுகினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ, கழுத்து விறைத்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் 108ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நரம்புக்குள் ஏறிவிட்ட நஞ்சை எந்த மருந்தாலும் திரும்ப எடுக்க முடியாது. இன்னும் ஏறாததைத்தான் முறிக்க முடியும். தீவிர சிகிச்சை கிடைத்தும் பத்தில் ஒருவர் அல்லது இருவர் இறந்துபோகும் நோய் இது.

இந்த வாரம் வீட்டில் பெரியவர்களை ரத்த அழுத்த மாத்திரை வாங்கவோ சர்க்கரை பார்க்கவோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போவீர்கள் அல்லவா, அப்போது அங்குள்ள செவிலியரிடம் டி.டி. ஊசி பற்றிக் கேளுங்கள். முன்பு தவணைகள் போட்டதற்கு ஆதாரம் இல்லாத பெரியவருக்கு மூன்று ஊசிகள் வேண்டும்: இன்று ஒன்று, நான்கு வாரம் கழித்து ஒன்று, அதன்பின் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் ஒன்று. அதற்குப் பிறகு பத்து ஆண்டுக்கு ஒருமுறை போதும். அப்பா, "எனக்கு எதற்கு, எனக்கென்ன காயமா பட்டிருக்கிறது?" என்று கேட்பார். படவில்லை என்பதால்தான் இன்றைக்கே போட்டுக்கொள்ளச் சொல்கிறோம் என்று சொல்லுங்கள். மூன்று தேதிகளையும் அவருடைய மருந்துச் சீட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள்.